மாமனா, மச்சானா?

கேள்வி: ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்தில் ஜாக்சன் துரையிடம் சிவாஜி கணேசன் முழங்கும் வசனத்தில் வரி, வட்டி, திறை, கிஸ்தி என்று நான்கு சொற்கள் வருகின்றன. நான்கும் ஒன்றுதானா? மஞ்சள் அரைத்தாயா, மாமனா மச்சானா என்ற கேள்விகளுக்கும் வரிக்கும் என்ன தொடர்பு?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: நான்கும் ஒன்றல்ல. வரி என்பது குடிகள் அரசுக்குக் கொடுப்பது. திறை என்பது சிற்றரசன் தனக்கு மேற்பட்ட அரசனுக்குக் கட்டுவது. கிஸ்தி என்பது அரபியில் பிறந்து உருது வழியாக அரசு அலுவலகத் தமிழுக்குள் நுழைந்த சொல், தவணை முறையில் செலுத்தும் நிலத்தீர்வையைக் குறிப்பது. வட்டி பாக்கியின் மேல் ஏறுவது. 1959-இல் படம் வெளிவந்தபோது கொட்டகையில் உட்கார்ந்திருந்த உழவனுக்குக் கிஸ்தி பழங்கதை அல்ல. கர்ணமும் மணியக்காரரும் பசலிக் கணக்கை, அதாவது வருவாய் ஆண்டுக் கணக்கைப் பார்த்து அவனிடமே வசூலித்துக்கொண்டிருந்த பணம் அது. கைதட்டல் அவ்வளவு பலமாக எழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் சுவையானது. வானம் பொழிகிறது, பூமி விளைகிறது என்று தொடங்கும்போதே, விளைச்சலில் வெள்ளையனின் கொடை எதுவும் இல்லை என்பது சொல்லப்பட்டுவிடுகிறது. அடுத்து, உழைப்பின் பேரிலாவது அவனுக்கு உரிமை உண்டா என்ற விசாரணை நடக்கிறது. நாற்று நட்டாயா, களை பறித்தாயா என்பவை வயலுக்குள் இறங்கிச் செய்யும் வேலைகள்; கஞ்சிக் கலயம் சுமந்தாயா என்பது வரப்போடு நின்றுவிடும் வேலை; பெண்களுக்கு மஞ்சள் அரைத்தாயா என்பது வீட்டு முற்றத்து அம்மிக்கல்லில் முடிந்துவிடும் சிறு பணி. பெரிய வேலை இல்லாவிட்டால் போகட்டும், எடுபிடி வேலையாவது உண்டா என்று கேள்வி படிப்படியாக இறங்கி வருவதைக் கவனியுங்கள். பட்டாளமும் பீரங்கியும் வைத்திருக்கும் ஒரு கலெக்டரைப் பார்த்து இப்படிக் கேட்பதில்தான் ஏளனத்தின் கூர்மை இருக்கிறது.

களத்துமேட்டில் நெல் அளக்கும்போது தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், காவல்காரர் என ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு ஒதுக்குவது நம் ஊர்களின் பழைய வழக்கம்; அந்தப் பங்கு ஒவ்வொன்றும் அவரவர் செய்த வேலைக்கானது. வேலையே செய்யாமல் வீட்டுக்குள் வந்து உரிமையோடு உட்காரக்கூடியவர்கள் உறவுமுறைக்காரர்கள் மட்டுமே. அதிலும், மஞ்சள் பூசும் பெண்கள் இருக்கும் வீட்டில் கேலி பேசவும் முறை கொண்டாடவும் இடம் பெற்றவர்கள் மாமனும் மச்சானும். ஆகவே மஞ்சளிலிருந்து மாமனுக்குத் தாவியது வெறும் எதுகை மோனைக்காக அல்ல. உழைப்பும் இல்லை, உறவும் இல்லை என்றால் கேட்க வந்தவன் வெறும் அந்நியன், அவனுக்குக் கொடுக்கவேண்டியது எதுவுமில்லை என்பதே வாதம்.

ஒரு குறும்பான வாசகர் இதே கேள்வியைக் கட்டபொம்மனிடமே திருப்பிக் கேட்கலாம். குடிகளிடம் வரியும் காவல் கட்டணமும் வாங்கிய பாளையக்காரர் எந்த வயலில் நாற்று நட்டார்? வசனம் ‘எங்களோடு’ என்ற ஒற்றைச் சொல்லால் பாளையக்காரரையும் உழவரையும் ஒரே வரப்பில் நிறுத்தி, அந்தக் கேள்வி எழாமல் பார்த்துக்கொள்கிறது. எழுதிய சக்தி டி.கே.கிருஷ்ணசாமியின் சாமர்த்தியம் அது.

கேள்வி: கட்டபொம்மன் உண்மையிலேயே இப்படிப் பேசினாரா?
– வாசகர், சிவகாசி

பதில்: இல்லை. சிவாஜி நாடக மன்றம் மேடையேற்றிய நாடகத்துக்கென எழுதப்பட்டு, பிறகு பி.ஆர்.பந்துலு இயக்கிய படத்துக்கு வந்த வசனம் இது. சந்திப்பு மட்டும் நடந்தது. பாளையக்காரர்களிடம் கப்பம் வசூலிக்கும் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் ஆர்க்காட்டு நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் மூலம் பெற்றிருந்தது. 1798 மே மாத முடிவில் பாஞ்சாலங்குறிச்சியின் பாக்கி 3310 பகோடா (அக்கால நாணயம்). தம்மை வந்து பார்க்கும்படி ஆணையிட்ட கலெக்டர் ஜாக்சன், குற்றாலத்தில் தொடங்கி ஊர் ஊராகத் தம்மைப் பின்தொடர வைத்து, கடைசியாக அந்த ஆண்டு செப்டம்பரில் இராமநாதபுரத்தில்தான் பேட்டி கொடுத்தார். அங்கும் கட்டபொம்மன் மூன்று மணி நேரம் நிற்க நேர்ந்தது. அதற்குள் பாக்கியில் பெரும்பகுதி கட்டப்பட்டு 1080 பகோடா மட்டுமே மீதமிருந்தது. படத்தில் எழும் கேள்வி எதற்குக் கொடுக்கவேண்டும் என்பது. இராமநாதபுரத்தில் இருந்த பிணக்கு, கொடுத்துக்கொண்டிருந்த ஒருவரை நடத்திய விதம் பற்றியது. அன்று மூண்ட கைகலப்பில் கம்பெனி அதிகாரி கிளார்க் உயிரிழந்தார், கட்டபொம்மன் தப்பினார். பின்னர் கட்டபொம்மனின் முறையீட்டை ஏற்று விசாரித்த சென்னை அரசு ஜாக்சனைப் பதவியிலிருந்து நீக்கி, அவருடைய இடத்தில் லூஷிங்டனை அமர்த்தியது. ஜாக்சன் போனாலும் கப்பம் போகவில்லை. லூஷிங்டனின் காலத்தில்தான் கம்பெனித் தளபதி பானர்மேனின் படை பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்தது. 1799 அக்டோபரில் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்.