லூயிஸ் தீவுக்கு விடுமுறைக்குப் போனால் ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொள்வோமா?

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் ஞாயிறன்று எல்லாம் மூடியிருக்குமே, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். அங்கே அது கிறிஸ்தவ ஓய்வுநாள். பெரும்பாலான கடைகள் திறக்காது. தீவின் முக்கிய ஊரான ஸ்டோர்னோவேக்கு ஞாயிறு கப்பலே 2009இல்தான் வந்தது. சனிக்கிழமையே சாப்பாட்டுச் சாமான், பெட்ரோல் எல்லாம் வாங்கி வைத்துவிடுங்கள். அந்த அமைதிக்காகவே போகலாம் என்பேன்.

தங்குவதற்குக் கேரனன் கிராமத்தின் ‘கறுப்பு வீடுகள்’ எனப்படும் பழைய கல்வீடுகளைப் பாருங்கள். சாந்து பூசாத இரட்டைக் கல்சுவர், நடுவில் மண். காற்று பிய்த்துக்கொண்டு போகாமலிருக்க, கூரை வேய்ந்த புல்லின் மேல் கயிறு போட்டு, நுனியில் கற்களைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். 1974 வரை மக்கள் குடியிருந்த வீடுகள் இவை.

அப்புறம், ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணியின் நெசவை அவசியம் பாருங்கள். தீவுவாசிகள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்தால்தான் துணிக்கு அந்தப் பெயர் என்று 1993இல் சட்டமே வந்தது. சில தறிகளைச் சைக்கிள்போல மிதித்தே ஓட்டுகிறார்கள்.

ஸ்காட்லாந்து பெருநிலத்துத் துறைமுகமான உல்லாபூலிலிருந்து ஸ்டோர்னோவேக்குக் கப்பலில் சுமார் இரண்டரை மணி நேரம் ஆகும். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். கோடையில் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி கடிக்கும், முகத்துக்கு வலை எடுத்துக்கொள்ளுங்கள்.