வயிறு தெரியாத சினையும் பீப்பாய் வயிற்றுச் சினையும்

கேள்வி: எங்கள் பெண் குதிரைகள் இரண்டும் ஒரே வாரத்தில் பொலிக்குதிரையுடன் இணை சேர்ந்தன. ஸ்கேனில் இரண்டுக்கும் சினை உறுதியானது. இப்போது 9 மாதம். 5 வயதுக் குதிரைக்கு இது தலைச்சினை; வயிறே தெரியவில்லை. 6 குட்டி போட்ட 16 வயதுக் குதிரைக்கோ வயிறு பீப்பாய் போலத் தொங்குகிறது. இளையதற்குக் குட்டி வளரவில்லையா?

பதில்: வயிறு தெரியாததை மட்டும் வைத்து அப்படி நினைக்க வேண்டாம். தலைச்சினைக் குதிரையின் வயிற்றுத் தசை இதுவரை இழுபடாதது. குட்டியை மேலே தூக்கிப் பிடித்து, விலாக்கூட்டை ஒட்டியே தாங்கிக்கொள்ளும். பலமுறை ஈன்ற குதிரையிடம் அந்தப் பிடிப்பு தளர்ந்துபோயிருக்கும். அதே எடைக் குட்டியை அதன் வயிறு கீழே இறக்கிவிடும். உடல்வாகும் ஒரு காரணம். ஆழமான விலாக்கூடும் நீண்ட முதுகும் கொண்ட குதிரையில் சினை மறைந்துவிடும். முதுகு குட்டையான மட்டக்குதிரையில் இருபக்கமும் பிதுங்கித் தெரியும். தவிர, பிறக்கும்போது குட்டிக்கு இருக்கும் எடையில் பாதிக்கு மேல் கடைசி மூன்று நான்கு மாதங்களில்தான் ஏறுகிறது. 500 கிலோ குதிரையின் குட்டி சுமார் 50 கிலோ இருக்கும். உங்கள் இளைய குதிரைக்குக் கடைசி சில வாரங்களில்தான் வயிறு தெரிய ஆரம்பிக்கலாம்.

எங்களுக்குக் கவலை மூத்த குதிரையைப் பற்றித்தான். தொங்கும் வயிற்றைப் பார்த்து, "நன்றாகக் கொழுத்திருக்கிறது" என்று தீவனத்தைக் குறைத்துவிடுவார்கள். வயிறு கொழுப்பைக் காட்டாது. சத்தில்லாத முற்றிய புல்லைத் தின்றாலும், குடற்புழு இருந்தாலும், சினையே இல்லாத குதிரைக்குக்கூட வயிறு தொங்கும்.

கையை வைத்துப் பாருங்கள். உங்கள் கையை முட்டியாக மடக்கி, முட்டி எலும்புகளின் மேல் மறுகை விரலால் தடவுங்கள். குதிரையின் விலா அப்படித் தட்டுப்பட்டால் மெலிவு. கையை விரித்து, விரல்களின் பின்புறத்தைத் தடவும்போது எலும்பு லேசாகத் தெரிகிறதே, விலா அப்படி இருந்தால் சரி. உள்ளங்கை போல மெத்தென்றிருந்தால் கொழுப்பு மிகுதி. ஆனால் நிறைசினையில் குட்டியின் கனம் தோலைக் கீழே இழுப்பதால், விலா உள்ளதைவிட மெலிவாகக் காட்டும். அதனால் தோளுக்குப் பின்புறம், பிடரி, வாலடி மூன்றையும் தடவிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். ஆய்வாளர் ஹென்னக்கே 1983இல் வகுத்த, 1 (மிக மெலிவு) முதல் 9 (மிகக் கொழுப்பு) வரையிலான உடல்நிலை அளவுகோலில், சினைக்குதிரை 6ஐ ஒட்டி இருப்பது நல்லது.

எடை நாடா இங்கே உதவாது. அது நெஞ்சுச் சுற்றளவை வைத்துக் கணக்கிடுவது. வயிற்றில் இருக்கும் குட்டி அதில் சேராது. கடைசி மாதத்தில் குட்டி குடலை நெருக்குவதால் ஒரே வேளையில் நிறையத் தின்ன முடியாது. அடர்தீவனத்தை வேளைக்கு 2 கிலோவுக்கு மிகாமல் மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

கேள்வி: அகன்றிருந்த வயிறு இந்த வாரம் பக்கவாட்டில் ஒடுங்கி, கீழே கூராக இறங்கியிருக்கிறது. ஈனப்போகிறதா?

பதில்: நெருங்குகிறது என்று கொள்ளலாம், நாள் குறிக்க முடியாது. சினைக்காலம் சராசரியாக 340 நாள், ஆனால் 320 முதல் 365 வரை போகும். மடியையும் வாலடியையும் கவனியுங்கள். மடி 2 முதல் 6 வாரம் முன்பே பருக்கத் தொடங்கும். பிறகு வாலின் இருபுறத் தசையும் தளர்ந்து குழி விழும். காம்பு நுனியில் மெழுகு போலத் துளி உறைந்தால் பெரும்பாலும் 1 முதல் 4 நாளில் ஈனும். தலைச்சினையில் மடி கடைசி நாட்களில்தான் நிரம்பும் என்பதால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ஈனும் நாளுக்குப் பல வாரம் முன்பே பால் சொட்டினால், இரட்டைக் குட்டியோ நஞ்சுக்கொடியில் தொற்றோ இருக்கலாம். அன்றே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: 10 மாதச் சினைக்கு மடிக்கு முன்னால் அடிவயிறு வீங்கியிருக்கிறது. ஆபத்தா?

பதில்: விரலால் அழுத்துங்கள். குழி விழுந்து, வலியில்லாமல், சிறிது நடத்தியதும் வற்றினால் அது நீர்வீக்கம். நிறைசினையில் சகஜம்.

வீக்கம் ஓரிரு நாளில் தடித்து, தொட்டால் குதிரை விலகினால் கதை வேறு. அடிவயிற்றை இடுப்பெலும்போடு பிடித்திருக்கும் தசைநாண் கிழிந்துகொண்டிருக்கலாம். மடி முன்னோக்கி நகர்வதும் பாலில் இரத்தம் கலப்பதும் அதற்கு அடையாளம். வயது கூடியவற்றிலும் கனமான இனங்களிலும் இது அதிகம். கருப்பையில் அளவு மீறி நீர் சேர்ந்தாலும் நாண் கிழியும். அப்போது ஒன்றிரண்டு வாரத்துக்குள் வயிறு உப்பி, குதிரை மூச்சுத் திணறும். இதை முன்கூட்டியே பிடிக்க ஒரு வழி உண்டு: 7ஆம் மாதத்திலிருந்து வாரம் ஒருமுறை, தீவனத்துக்கு முன், தொப்புளுக்கு நேரே வயிற்றைக் கயிற்றால் சுற்றி அளந்து, அளவு முடியும் இடத்தில் கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்து வையுங்கள். புது முடிச்சு முந்தையதைவிடத் திடீரென்று வெகுதூரம் தள்ளிப்போனால் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். இந்த அடையாளங்களில் எது தெரிந்தாலும், மருத்துவர் வரும்வரை குதிரையை நடத்தக் கூடாது. லாயத்திலேயே நிறுத்தி, அகலமான துணியால் அடிவயிற்றைத் தாங்கலாகக் கட்டி வையுங்கள்.