கழற்றும் டயரை முதலில் படியுங்கள்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். 2019இல் வாங்கிய எர்டிகா வண்டி, 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டயர்கள் கம்பெனியில் வந்தவையே. வாரம் இரண்டு முறை புதுச்சேரிக்கும், மாதம் ஒருமுறை பெற்றோர், பிள்ளைகளுடன் சிதம்பரத்துக்கும் போய்வருகிறோம். முன்டயர்கள் இரண்டும் உள்விளிம்பில் மட்டும் மொட்டையாகிவிட்டன. 80ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. பின்பக்க இடது டயரில் பத்து நாளுக்கு ஒருமுறை காற்று இறங்குகிறது, ஆனால் பஞ்சர் இல்லை என்கிறார்கள். "முன்னால் இரண்டு புது டயர் போடுங்கள். ஒரு சைஸ் பெரிதாகப் போட்டால் வண்டி நன்றாக நிற்கும். காற்று இறங்கும் டயருக்குள் டியூப் போட்டுவிடலாம். நைட்ரஜன் அடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார் கடைக்காரர். என்ன செய்யட்டும்?

பதில்: கடைக்காரர் சொன்ன நான்கு யோசனைகளில் ஒன்றையும் என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்க மாட்டார். நம் பக்கத்தில் பல ஆண்டுகளாக இப்படித்தான் சொல்லிவருகிறார்கள். நானும் பட்டறைக்கு வந்த புதிதில் இவற்றில் இரண்டை வாடிக்கையாளர்களுக்குச் சொன்னவன்தான்.

புது டயருக்குப் பணம் எடுத்துவைக்கும் முன் பழைய டயரின் முன்னால் ஐந்து நிமிடம் குந்துங்கள். டயர் எங்கே தேய்ந்திருக்கிறது என்பதே வண்டியின் நோய்க்குறிப்பு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடுவில் பட்டன், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டைகள், நின்றால் காற்றுக் குறைவு. மேடும் பள்ளமுமாகத் திட்டுத்திட்டாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் ஓய்ந்திருக்கலாம், அல்லது வெகுநாள் பேலன்சிங், அதாவது சக்கரத்தின் எடைச் சமநிலை, பார்க்காமல் ஓட்டியிருக்கலாம். உங்களுக்கு நேர்ந்திருப்பது இவற்றில் எதுவும் இல்லை. இரண்டு முன்டயரும் உள்விளிம்பில் தேய்ந்தால், முன்சக்கரங்கள் பாதத்தை வெளிப்புறம் விரித்து நடப்பவரைப்போல விலகி நிற்கின்றன என்று பொருள். உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காகத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தடவும்போது வழுக்கி, எதிர்ப்பக்கம் தடவும்போது ரம்பம்போல உரசினால் சந்தேகமே இல்லை. அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்க வேண்டிய கோணம், போய்விட்டது.

இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள். "அலைன்மென்ட் பார்த்துவிட்டேனே" என்பார்கள். கம்ப்யூட்டர் திரையில் எல்லாம் பச்சையாகக் காட்டியிருக்கும். ஆனால் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்து, மூட்டுகளான பால் ஜாயின்ட்டோ டை ராட் எண்டோ ஆடிக்கொண்டிருந்தால், அந்தப் பச்சை நிறம் பட்டறை வாசல் வரைதான். முதல் பள்ளத்தில் இறங்கியதும் கோணம் பழையபடி மாறிவிடும். ஆகவே முதலில் வண்டியைத் தூக்கச் சொல்லுங்கள். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கட்டும். பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டட்டும். தளர்ந்த பாகத்தை மாற்றிவிட்டுப் புது டயர் போடுங்கள், அதன்பிறகு அலைன்மென்ட் பாருங்கள். வரிசை மாறினால் புது டயரும் 15,000 கிலோமீட்டருக்குள் இதே உள்விளிம்போடு என் முன்னால் வந்து நிற்கும். பார்த்திருக்கிறேன்.

நடுக்கத்துக்குத் தனி விடை உண்டு. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் மட்டும் நடுங்கினால் பெரும்பாலும் பேலன்சிங். ஸ்டீயரிங் நடுங்கினால் முன்சக்கரம், இருக்கை நடுங்கினால் பின்சக்கரம் என்பது பட்டறைக் கணக்கு. கடற்கரை ஊர்களில், பேலன்சிங்குக்காக ரிம் ஓரத்தில் அடித்த ஈய எடை துருவோடு சேர்ந்து கழன்று விழுவதும் உண்டு. பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டயரை விட்டுவிட்டு டிஸ்க்கைப் பாருங்கள். மெதுவாகப் போகும்போதே தட்டுத்தட்டென்று அடித்தால் உடனே நிறுத்திப் பக்கச்சுவரைத் தடவுங்கள். அங்கே குமிழ் இருந்தால் உள்ளே நூல் அறுந்துவிட்டது. அதற்கு ஒட்டு இல்லை, வைத்தியமும் இல்லை. அந்த டயர் அன்றே இறங்க வேண்டும்.

எத்தனை டயர் மாற்றுவது? பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 1419 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 14ஆவது வாரம் வார்த்த டயர். ரப்பர் ஓடினால் தேய்கிறது, நின்றால் உலர்கிறது. ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும் பத்தாண்டுக்கு மேல் ஓட்டக் கூடாது என்று தயாரிப்பாளர்கள் பலர் சொல்கிறார்கள். நம் வெயிலுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு ஆறு ஆண்டு. உங்களுடையது அதைத் தொட்டுவிட்டது. குடும்பமாக ஏழு பேர் ஏறும் வண்டி. நான்கையும் மாற்றுங்கள் என்பதே என் முதல் பதில்.

இப்போதைக்கு இரண்டுக்குத்தான் பணம் இருக்கிறதா? அப்படியானால் புதியவற்றைப் பின்னால் போடுங்கள். ஆமாம், பின்னால்தான். எர்டிகாவில் இழுப்பது முன்சக்கரம், திரும்புவது முன்சக்கரம், பிரேக்கின் பெரும்பாரம் விழுவதும் முன்சக்கரத்தில். பிறகு ஏன் பின்னால்? மழைக்காக. ஐப்பசி, கார்த்திகையில் அரியாங்குப்பத்துக்கும் தவளக்குப்பத்துக்கும் நடுவே சாலையில் விரல் ஆழத்துக்கு நீர் நிற்கும்போது, பட்டன் தேய்ந்த டயரால் அந்த நீரை வெளியே தள்ள முடியாது. நீரின் மேல் ஏறி மிதக்கும். முன்டயர் மிதந்தால் ஸ்டீயரிங் இலேசாவது கைக்குத் தெரியும். காலை எடுத்தால் வேகம் குறையும், பிடிமானம் திரும்பும். பின்டயர் மிதந்தால் கைக்கு ஒன்றும் தெரியாது. வண்டியின் வால் பக்கவாட்டில் வீசிய பிறகுதான் தெரியும். அப்போது அதைத் திருப்பிப் பிடிக்க நம்மில் எத்தனை பேரால் முடியும்? அதனால் நல்ல ஜோடி எப்போதும் பின்னால். ஆனால் உங்கள் முன்ஜோடியை எப்படியும் தூக்கி எறியத்தான் வேண்டும். இப்போது பின்னால் உள்ள இரண்டும் முன்னால் வரும், அதுவும் பட்டன் மிச்சமிருந்து வெடிப்பு இல்லாமல் இருந்தால் மட்டும். பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் சிறு மேடு ஒன்று இருக்கும், 1.6 மில்லிமீட்டர் உயரம். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாக இறங்கிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மழைக்காலம் நெருங்கும்போது நான் அதுவரை காத்திருக்க மாட்டேன். 3 மில்லிமீட்டரிலேயே மாற்றச் சொல்வேன்.

சைஸ் விஷயம். உங்கள் டயரில் 185/65 ஆர்15 88 என்று எழுதியிருக்கும். அகலம் 185 மில்லிமீட்டர், அந்த அகலத்தில் 65 விழுக்காடு பக்கச்சுவரின் உயரம், ரிம் 15 அங்குலம். 88 என்பது பார எண். ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று பொருள். பெட்டியும் பைகளுமாக ஆட்களை ஏற்றும் வண்டிக்கு இந்த எண் குறையவே கூடாது. அதன்பின் வரும் எழுத்து வேகக் குறி. டி (T) என்றால் 190, எச் (H) என்றால் 210 கிலோமீட்டர் வரை. நாம் அந்த வேகத்தில் போகப்போவதில்லை. ஆனாலும் கம்பெனி கொடுத்த எழுத்துக்குக் கீழே இறங்காதீர்கள், வெப்பம் தாங்கும் திறனும் அதில் அடங்கியிருக்கிறது. கடைக்காரர் சொல்லும் 195/65 போட்டால் சக்கரத்தின் மொத்த உயரம் 621 மில்லிமீட்டரிலிருந்து 634 ஆகும், ஏறத்தாழ 2 விழுக்காடு அதிகம். ஸ்பீடோமீட்டர் அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும், ஸ்டீயரிங் கனக்கும், மைலேஜ் கொஞ்சம் இறங்கும். ஆபத்து என்று சொல்ல மாட்டேன். உங்களுக்குத் தேவை இல்லை, அவ்வளவுதான். பெரிய சைஸை விட்டு 185ஐயே வாங்கினால் மிஞ்சும் பணத்தைப் புஷ் மாற்றச் செலவிடுங்கள்.

எந்த பிராண்ட் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த கேள்வி அதுதான் என்று தெரியும். எம்ஆர்எஃப், அப்போலோ, சியட், ஜேகே, பிரிட்ஜ்ஸ்டோன், மிச்சலின், யோக்கோஹாமா என்று எதிலும் இந்தச் சைஸில் ஓடக்கூடிய டயர் கிடைக்கும். பெயரைவிட ரகம் முக்கியம். நெடுநாள் உழைக்கும் ரகம் பொதுவாகக் கடினமான ரப்பர், ஈரத்தில் பிடிமானம் சற்றுக் குறையும். மென்மையான ரகம் சத்தமில்லாமல் ஓடும், ஈரத்தில் பிடிக்கும், சீக்கிரம் தேயும். ஆண்டுக்கு எட்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத உங்களுக்கு, தேய்வதற்கு முன்பே டயர் முதுமை அடைந்துவிடும். ஆகவே ஈரப்பிடிமானம் உள்ள ரகத்தையே வாங்குங்கள். இலட்சம் கிலோமீட்டர் உழைக்கும் டயர் டாக்சிக்காரருக்கு வேண்டியது.

இன்னொன்று. கடலூர்க்காரர்கள் புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடைக்குப் போய் பெட்ரோல் போடுகிறார்கள். அங்கே பெட்ரோலுக்கு வரி குறைவு, அதில் கணக்கு இருக்கிறது. அதே நினைப்பில் டயருக்கும் எல்லை தாண்ட வேண்டாம். டயருக்கு ஜிஎஸ்டி. இரண்டு பக்கமும் ஒரே வரி. 2025 செப்டம்பர் 22 முதல் அது 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது, பில்லில் அதைச் சரிபாருங்கள். புதுச்சேரி ஏரிப்பாக்கத்திலேயே எம்ஆர்எஃப் ஆலை இருப்பதால் அங்கே புத்தம்புது சரக்கு மலிவாகக் கிடைக்கும் என்று நம்புகிறவர்களும் உண்டு. எந்த ஆலை டயர் எந்தக் கடைக்குப் போகிறது என்பதற்கும் ஆலையின் தூரத்துக்கும் சம்பந்தமில்லை. எங்கே வாங்கினாலும் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கட்டும், தயாரிப்பு வாரம் ஆறு மாதத்துக்குள் இருக்கட்டும், நான்கும் ஒரே ரகமாக இருக்கட்டும். ரிம்மில் ஏற்றும் முன்பே தேதியைப் பாருங்கள். ஏற்றிய பிறகு கேட்டால் எந்தக் கடைக்காரர் திருப்பி வாங்குவார்?

பஞ்சர் இல்லாமல் காற்று இறங்கும் டயருக்கு வருவோம். இது நம் ஊர் நோய். உப்புக்காற்றும் மழைநீரும் சேர்ந்து இரும்பு ரிம்மின் உதட்டில் துரு ஏற்றுகின்றன. டயர் ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் இடத்தில் துரு செதில்செதிலாக எழும்பினால் அதன் வழியே காற்று கசியும். தண்ணீர்த் தொட்டியில் முக்கி ஆணித் துளையை மட்டும் தேடுபவருக்கு இது கண்ணில் படாது. சோப்பு நீரைத் துணியில் நனைத்து ரிம் ஓரம் முழுவதும், வால்வைச் சுற்றியும் தடவிவிட்டுக் காத்திருங்கள். பொடிப்பொடியாக நுரை எழும் இடம்தான் கசிவு. டயரைக் கழற்றி, ரிம் உதட்டைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, கசிவை அடைக்கும் பசையான பீட் சீலர் பூசி மாட்டினால் தீர்ந்துவிடும். டயர் மாற்றும்போது இந்த வேலையை நான்கு ரிம்முக்கும் சேர்த்தே முடித்துக்கொள்ளுங்கள். ரப்பர் வால்வையும் நான்கிலும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டைத் தாண்டாது.

டியூப் போடவே போடாதீர்கள். டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் காற்று மெல்ல இறங்கும், ஓரம்கட்ட நேரம் கிடைக்கும். டியூப் போட்டுவிட்டால் ஆணி ஏறியதும் காற்று வால்வுத் துளை வழியே ஒரேயடியாக ஓடிவிடும். உள்சுவரோடு உரசி டியூப் சூடாவதும் உண்டு.

நைட்ரஜன்: நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு அதுதான். இலவசமாகக் கிடைத்தால் அடித்துக்கொள்ளுங்கள். காசு கொடுக்க வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு காற்றழுத்தமானி வாங்கி வீட்டில் வையுங்கள். முள்ளோடையில் பெட்ரோல் போடும்போதே காற்றும் பார்த்துக்கொள்வது பலருக்குப் பழக்கம். ஆனால் மஞ்சக்குப்பத்திலிருந்து அங்கே போவதற்குள் டயர் சூடேறி, காட்டும் அளவு சில பிஎஸ்ஐ கூடியிருக்கும். அதைப் பார்த்து இறக்கிவிட்டால், மறுநாள் காலை உங்கள் டயர் குறைக்காற்றில் கிளம்பும். காலையில் வண்டி எடுக்கும் முன் அளக்க வேண்டும். எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவுப்பக்கம் உள்ள ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆள் நிறைந்து போகும்போது பின்டயருக்கு வேறு அளவு கொடுத்திருந்தால் சிதம்பரம் போகும் நாளில் அதையே பின்பற்றுங்கள். கத்திரி வெயிலில் டயர் வெடிக்கும் என்று பயந்து காற்றைக் குறைப்பவர்கள் நேர்மாறான வேலையைச் செய்கிறார்கள். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகம் நசுங்கி விரிகிறது. அந்த நசுக்கலில்தான் சூடு பிறக்கிறது.

டயர் மாற்றிய பின் முதல் 200 கிலோமீட்டர் வரை, முக்கியமாக மழையில், அடக்கி ஓட்டுங்கள். வார்ப்பில் ஒட்டிய வழுவழுப்புப் போக வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். 8,000லிருந்து 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போடுங்கள்.

ஸ்டெப்னியை யாரும் கேட்பதில்லை. எர்டிகாவில் அது வண்டியின் அடிவயிற்றில் தொங்குகிறது. சேறும் உப்பும் முதலில் அதைத்தான் பார்க்கும். என்னிடம் வந்த ஒருவர் ஏழு ஆண்டில் ஒருமுறைகூட அதை இறக்கியதில்லை. பரங்கிப்பேட்டைப் பிரிவுக்கு அருகே இரவு பதினொரு மணிக்குப் பஞ்சர் ஆனபோது, இறக்கும் திருகு துருப்பிடித்து அசையவில்லை. மனைவியும் மாமியாரும் சாலையோரம் நிற்க, தெரிந்தவர் ஒருவர் கடலூரிலிருந்து இன்னொரு வண்டியின் ஸ்டெப்னியை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. உங்கள் ஸ்டெப்னியும் 2019தான். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை ஒருமுறை இறக்கி, காற்றை அளந்து, திருகுக்குக் கிரீஸ் தடவி ஏற்றிவிடுங்கள்.