கேட்டவை, சொன்னவை: பரண் அறையும் மெழுகுத் தாளும்

பெல்ஃபாஸ்ட் நகரத்து அறிவியல் புனைகதை ரசிகர் வால்ட் வில்லிஸ் பற்றிச் சென்ற இதழில் வந்த குறிப்பைப் படித்துவிட்டு டில்லி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த முறை.

நாவல் எழுதிப் பேர் வாங்காத ஒருவரை எதற்கு இப்படித் தூக்கி வைத்துப் பேசுகிறீர்கள்? ரசிகர் என்றால் ரசிகர்தானே?
– மயூர் விகார் வாசகர்

நமக்கு ரசிகர் என்றதும் கட்-அவுட்டும் பாலாபிஷேகமும் கண்முன் வந்துவிடுகின்றன. இவர்கள் வேறு ஜாதி. வில்லிஸ் (1919–1999) பகலில் வட அயர்லாந்து அரசு ஊழியர். டில்லித் தமிழருக்குப் பழக்கமான பிழைப்புதான். மாலையில் பத்திரிகை ஆசிரியர். 1948 முதல் 1953 வரை ‘ஸ்லான்ட்’ என்ற இதழை ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்து அச்சிட்டார். வந்தது ஏழே இதழ். ஓவியப் பொறுப்பு ஜேம்ஸ் ஒயிட்டுடையது. 1952இல் தொடங்கிய ‘ஹைஃபன்’ 1965 வரை 36 இதழ் வந்தது.

வில்லிஸ் வீட்டுப் பரணில் அட்டைத் துண்டுகளை மட்டையாக்கிப் பூப்பந்து அடித்துக்கொண்டிருந்தவர்களில் ஜேம்ஸ் ஒயிட், பாப் ஷா இருவரும் பின்னாளில் பெயர் பெற்ற எழுத்தாளர்கள் ஆனார்கள். வில்லிஸுக்கோ, அறிவியல் புனைகதை உலகின் பெரிய விருதான ஹ்யூகோ, 1958இல் சிறந்த ரசிகர் என்ற பிரிவில் கிடைத்தது. ‘ஸ்லான்ட்’டுக்கு 2004இல், ஐம்பது வருடம் பிந்திய ஹ்யூகோ. நம் சிற்றிதழ்க்காரர்களை அறிந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் அமெரிக்கப் பத்திரிகைகள் கடையில் கிடைக்காதா? அந்த ரசிகர்களுக்குள் ஏன் இவ்வளவு கடிதப் போக்குவரத்து?
– கரோல் பாக் வாசகி

போருக்குப் பின் பிரிட்டனில் டாலர் பஞ்சம். கதைப் பத்திரிகை வாங்க அந்நியச் செலாவணி தரமாட்டார்கள். ‘அஸ்டவுண்டிங்’ என்ற அமெரிக்க அறிவியல் புனைகதைப் பத்திரிகைக்கு 1939 முதலே ஒரு பிரிட்டிஷ் பதிப்பு உண்டு. ஆனால் அது பக்கம் குறைத்த பதிப்பு. முழுசாகப் படிக்க ஆசைப்பட்டவர்கள் பண்டமாற்றுக்குப் போனார்கள். ராணுவ அதிகாரி கென் ஸ்லேட்டர் 1947இல் தொடங்கிய ‘ஆபரேஷன் ஃபான்டஸ்ட்’ இதைத்தான் ஒழுங்குபடுத்தியது: இங்கிருந்து பிரிட்டிஷ் புத்தகம் போகும், அங்கிருந்து அமெரிக்கப் பத்திரிகை வரும், பணம் கடல் தாண்டாது.

1952இல் வில்லிஸ் சிகாகோவில் நடந்த அறிவியல் புனைகதை மாநாட்டுக்குப் போனதும் அமெரிக்க ரசிகர்கள் திரட்டிய பணத்தில்தான். ஷெல்பி விக் என்ற ரசிகர் முன்னின்று வசூலித்தார். அந்த யோசனையே அடுத்த வருடம் அட்லான்டிக் கடந்த ரசிகர் நிதியாக உருவெடுத்தது.

ஓய்வு பெற்ற ஸ்டெனோ நான். பழைய கை டூப்ளிகேட்டர் ஒன்றும் சில பெட்டி ஸ்டென்சில் மெழுகுத் தாளும் இருக்கின்றன. குடியிருப்புப் பிள்ளைகளை வைத்து வில்லிஸ் காலத்துப் பாணியில் ஒரு தமிழ் இதழ் போட எண்ணம். ஆங்கிலம் ஒழுங்காக விழுகிறது. தமிழ் அடித்தால் எழுத்தெல்லாம் ஓட்டை. என்ன செய்ய?
– ஆர்.கே.புரம் வாசகர்

முதலில் ஸ்டென்சிலைச் சோதியுங்கள். ஓர் ஓரத்தை மடக்கிப் பாருங்கள். மெழுகு வெடித்தால் அந்தப் பெட்டியை மறந்துவிடுங்கள். நல்லதாக இருந்தால், டைப்ரைட்டர் ரிப்பனை ஸ்டென்சில் நிலைக்கு மாற்றி, எழுத்துமுகங்களைப் பிரஷ்ஷால் துடையுங்கள். குழிகளில் மெழுகு அடைந்தால் அச்சு மங்கும்.

ஓட்டைக்குக் காரணம், மூடிய வட்டம். ஆங்கிலத்தில் ‘ஓ’ எழுத்துக்கு வரும் தொல்லை தமிழில் ஒவ்வொரு புள்ளிக்கும் சுழிக்கும் வரும். வட்டத்தின் ஓரம் முழுக்க வெட்டுப்பட்டால் நடுத்துண்டு கழன்று விழும். அங்கே மை கொப்பளித்துக் கறுப்புப் பொட்டாகிவிடும். புள்ளி விசையை நுனிவிரலால் மெல்லத் தட்டுங்கள். உயிர்மெய்யை வழக்கமான அழுத்தத்தில் அடிக்கலாம். ஸ்டென்சிலுக்கு மேல் மெல்லிய பிளாஸ்டிக் ஃபிலிம் ஒன்றை விரித்து அடித்தால் துண்டு விழுவது பெருமளவு குறையும். எழுத்து கொஞ்சம் தடிப்பாகத் தெரியும், பரவாயில்லை.

பிழை விழுந்தால் ஸ்டென்சிலை அடித்தாளிலிருந்து தூக்கி நடுவே ஒரு பென்சிலைச் செருகுங்கள். இல்லாவிட்டால் திருத்தத் திரவம் இரண்டையும் ஒட்டிவிடும். ஒரே ஒரு மெல்லிய பூச்சு, நன்றாகக் காய்ந்ததும் இலேசான அடி.

தாள் விஷயத்தில் சிக்கனமும் வேண்டாம், ஆடம்பரமும் வேண்டாம். சாவ்டி பஜாரில் வழவழப்பான பாண்ட் தாளைக் காட்டுவார்கள், வாங்காதீர்கள். இந்த மை உறிஞ்சப்பட்டுத்தான் காயும். வழவழத் தாளில் மேலேயே நின்று, அடுத்த தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். சொரசொரப்பான, மை குடிக்கிற டூப்ளிகேட்டிங் தாள் கேளுங்கள். மறுபக்கம் அடிப்பதற்கு முன் ஓர் இரவு விடுங்கள். அவசரமென்றால் ஒவ்வொரு பிரதிக்கும் நடுவே பழைய செய்தித்தாள் துண்டு ஒன்றை நுழைக்க ஓர் ஆள் வேண்டும். பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை!

ஜனவரியில் மை கெட்டிப்படும். டியூபை வெயிலில் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். முதல் பத்துத் தாள் வீண் என்று கணக்கில் எழுதிவிடுங்கள். மழைக்காலத்தில் ஈரத் தாள் இரண்டிரண்டாக இழுபடும். அடுக்கை விசிறிபோல விரித்து உதறிவிட்டு வையுங்கள்.

லினோ (லினோலியத்தில் செதுக்கிய) அச்சுப் படம் ஈய எழுத்தோடு சேர்ந்து விழ மாட்டேன் என்கிறது. எழுத்து கறுப்பாக, படம் சாம்பலாக.
– ஜனக்புரி ஓவிய ஆசிரியை

உயரம்தான் காரணம். ஈய எழுத்தின் உயரம் 0.918 அங்குலம், ஏறக்குறைய 23.3 மி.மீ. லினோவை மரக்கட்டையில் ஒட்டியபின் மொத்த உயரம் அதற்குச் சமமாக வேண்டும். குறைந்தால் கட்டையின் அடியில் ஒவ்வொரு தாளாக வைத்து ஏற்றுங்கள், லினோவின் மேல் கூடுதல் மை தடவாதீர்கள், கோடெல்லாம் அடைந்துவிடும். குளிரில் லினோ விறைக்கும். கால் மணி நேரம் வெயிலில் காட்டினால் உளி வழுக்காது. படத்துக்குள் எழுத்து இருந்தால் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றி வெட்டவேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். மாணவர்களுக்கு முதல் தடவை மறந்துபோகும்.

அந்தக் காலத்து லண்டன் ரசிகர்கள் எங்கே கூடுவார்கள்?
– லோதி காலனி வாசகர்

ஃபெட்டர் லேனில் ‘ஒயிட் ஹார்ஸ்’ மதுக்கடையில், வியாழன் மாலைகளில். 1953இல் ஹட்டன் கார்டனில் உள்ள ‘குளோப்’புக்கு மாறினார்கள். ஆர்தர் கிளார்க்கும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

வில்லிஸின் இதழ்கள் டில்லியில் எங்கே கிடைக்கும்?
– துவாரகா வாசகர்

மஹிலா ஹாட் ஞாயிறு சந்தையில் தேடினால் பாப் ஷாவின் பழைய பேப்பர்பேக் ஒன்று சிக்கினாலும் சிக்கலாம். ரசிகர் இதழ்கள் சிக்காது, அலையாதீர்கள். ரசிகர் இதழ்களைச் சேர்த்து வைக்கும் ‘ஃபேனாக்’ இணையதளத்தில் ‘ஸ்லான்ட்’, ‘ஹைஃபன்’ இரண்டும் ஸ்கேன் செய்து இலவசமாக இருக்கின்றன. தற்செயலாகப் பழைய சைக்ளோஸ்டைல் இதழ் எதுவும் கைக்கு வந்தால், துருவேறிய ஸ்டேப்பிளைப் பிடித்து இழுக்காதீர்கள். பின்பக்கக் கால்களை மழுங்கிய கத்தியால் நிமிர்த்திவிட்டு முன்பக்கமாக எடுங்கள். செலோ டேப் மட்டும் ஒட்டவே கூடாது.