"ஏஐ லேப்டாப்" வாங்கித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: வணக்கம் அண்ணே. நாங்கள் பாடாங் செராயில் இருக்கிறோம். மகளுக்கு பாலிடெக்னிக்கில் கணக்கியல் டிப்ளோமா படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வீட்டில் 2018-இல் வாங்கிய லேப்டாப் ஒன்று உண்டு. அதைத் திறந்து வைத்துவிட்டு நான் தேநீர் கலக்கிக் குடித்தே முடித்துவிடுவேன், அவ்வளவு மெது. கடையில் காட்டியதற்கு, "வின்டோஸ் 10 முடிஞ்சி போச்சி, இதுல 11 ஏறாது, ஏஐ லேப்டாப் இல்லேன்னா இனிமே காலேஜ்ல ஏஐ பயன்படுத்த முடியாது" என்று சொல்லி 3,900 வெள்ளிக்கு ஒன்றைக் காட்டினார்கள். நான் கூலிமில் ஷிஃப்ட் வேலை, வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். தவணையில் எடுத்துவிடலாமா? பழையதன் விவரம்: கோர் ஐ5-8250யூ, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க்.

பதில்: தவணை போட வேண்டாம், தங்கச்சி. கடைசியில் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியிலேயே பாதி பதில் இருக்கிறது.

8250 என்பதில் முதலில் நிற்கும் 8-ஐப் பாருங்கள். எட்டாம் தலைமுறைச் சிப் என்று அதற்குப் பொருள். வின்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் போட்ட கோடு, இன்டெல் சிப்புகளில் ஏறக்குறைய அங்கேதான் தொடங்குகிறது. ஏழாம் தலைமுறையாக இருந்திருந்தால் கடைக்காரர் சொன்னது சரி. உங்களுடையது ஒரு எண்ணில் தப்பித்துவிட்டது. அதோடு, 2017 ஆகஸ்டில் இந்த வரிசை வரும்வரை மெல்லிய லேப்டாப்புகளில் இருந்த ஐ5-க்கு, கணக்குப் போடும் பகுதியான கோர் இரண்டேதான். இதில்தான் நான்காக்கினார்கள். கணக்கியல் படிக்கிற பிள்ளைக்கு இந்தச் சிப் தாராளம்.

டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சமும் வேண்டும். இந்த வயது லேப்டாப்பில் அது பெரும்பாலும் உள்ளேயே இருக்கும், வின்டோஸ் ஏறும் முன்பே வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரையில் அணைத்து வைத்திருக்கலாம். மைக்ரோசாஃப்டின் "பிசி ஹெல்த் செக்" செயலி இலவசம். அதை ஓட்டிப் பார்த்தால் ஏறுமா ஏறாதா என்று சொல்லிவிடும். வின்டோஸ் 10 "முடிந்தது" என்பதும் அரை உண்மைதான். 2025 அக்டோபர் 14-ஓடு நின்றது இலவசப் பாதுகாப்பு அப்டேட். கம்ப்யூட்டர் வழக்கம்போல ஓடும். நீட்டிப்புக்குப் பதிந்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் உண்டு. ஆனால் 11 ஏறும் என்றால் ஏற்றிவிடுவதே நல்லது.

சரி, பின்னே ஏன் இவ்வளவு மெது? இன்று இரவே சோதித்துப் பாருங்கள். லேப்டாப் திறந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வருகிற பட்டியலில் சிபியு (அதுதான் சிப்), மெமரி, டிஸ்க் என்று தனித்தனியாக விழுக்காடு காட்டும். சிபியு 10, 20 என்று சும்மா இருக்கும். டிஸ்க் 100-இல் ஒட்டிக்கொண்டு சிவந்து கிடக்கும் என்பது என் கணிப்பு. ஏழெட்டு வயதான, ஹார்ட் டிஸ்க் போட்ட லேப்டாப்பை யார் கொண்டு வந்தாலும் நான் பார்ப்பது இந்தக் காட்சியைத்தான்.

இதற்குக் காரணம் 1956-க்குப் போகிறது. அந்த ஆண்டு ஐபிஎம் வெளியிட்ட ராமாக் என்ற கணினியோடுதான் உலகின் முதல் ஹார்ட் டிஸ்க் வந்தது. இரண்டடி அகலத்தில் 50 தட்டுகள், ஒரு டன்னுக்கு மேல் எடை, கொள்ளளவோ சுமார் 5 எம்பி. இன்றைக்குக் கைப்பேசியில் எடுக்கிற ஒரு நல்ல படம் அதை நிரப்பிவிடும். கேட்ட தகவல் இருக்கும் இடத்துக்கு அதன் தலை போய்ச் சேர சராசரியாக 600 மில்லிசெகண்டு பிடித்தது. உங்கள் லேப்டாப்பில் இருப்பது அதன் கொள்ளுப்பேரன். கொள்ளளவு 2 லட்சம் மடங்கு கூடிவிட்டது. காத்திருப்பு மட்டும் 600-இலிருந்து ஏறத்தாழ 15 மில்லிசெகண்டுக்குத்தான் இறங்கியிருக்கிறது, அதாவது 40 மடங்கு. ஏனென்றால் இன்னமும் உள்ளே ஒரு தட்டு சுற்றியாக வேண்டும், ஒரு கை நகர்ந்தாக வேண்டும். இரும்பை அதற்கு மேல் விரட்ட முடியாது. இந்த 15 மில்லிசெகண்டில் உங்கள் சிப், அதன் அடிப்படை வேகமான 1.6 கிகாஹெர்ட்சில் ஓடினாலும், 2 கோடியே 40 லட்சம் முறை துடித்துவிடும். அத்தனை துடிப்பும் வெறும் காத்திருப்பு.

தோட்டத்து ஸ்டோரை நினைத்துக்கொள்ளுங்கள். ஃபீல்டில் நிற்பவர் எவ்வளவு சுறுசுறுப்பான ஆளாக இருந்தாலும், உர மூட்டை முதல் கத்தி தீட்டும் கல் வரை ஒவ்வொன்றையும் ஒரே கிராணி சைக்கிளில் போய் எடுத்து வந்து கொடுத்தால் வேலை எப்படி நகரும்? அந்தக் கிராணிதான் ஹார்ட் டிஸ்க். ரேம் என்பது கைக்கு எட்டும் மேசை. உங்கள் மேசை 4 ஜிபி, அதில் வின்டோஸ் உட்கார்ந்தாலே பெரும்பகுதி போய்விடும். பிரவுசரில் நான்கு டேப் திறந்ததும் இடம் போதாமல், மேசையில் இருப்பதை மறுபடி சைக்கிளில் ஏற்றி ஸ்டோருக்கு அனுப்புகிறது. திரும்ப வேண்டும்போது மறுபடி எடுத்துவரச் சொல்கிறது. பாவம், கிராணி.

இந்தச் சைக்கிளை ஒழித்தது ஃபிளாஷ் மெமரி. தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோகா 1980-களில் கண்டுபிடித்தது. அதில் சுற்றுகிற பாகமே கிடையாது. அதனால், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஃபிளாஷில் செய்த எஸ்எஸ்டி-யில் காத்திருப்பு ஒரு மில்லிசெகண்டில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிட்டது. (உலகமே பயன்படுத்தும் ஒன்றைக் கண்டுபிடித்தவர், தன் பங்கைக் கேட்டு அதே நிறுவனத்தின் மீது வழக்குப் போட வேண்டியிருந்தது. 2006-இல்தான் அது சமரசமானது.) என்னைக் கேட்டால், சாதாரண வீட்டுப் பயனர் கையால் தொட்டு உணரக்கூடிய கடைசிப் பெரிய மாற்றம் இந்த எஸ்எஸ்டி-தான். உங்கள் லேப்டாப் அந்தப் படியை ஏறாமலே நிற்கிறது.

ஆகவே வாங்க வேண்டியது இரண்டு. ஒன்று, 500 ஜிபி அளவில் ஓர் எஸ்எஸ்டி. பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே பொருந்தும் சாதாரண சாட்டா வகையே போதும். உள்ளே எம்.2 என்ற, குச்சி போன்ற எஸ்எஸ்டி-யைச் செருகும் துளை இருந்தால் அது எந்த வகையை ஏற்கும் என்று திறந்து பார்த்துவிட்டு வாங்கச் சொல்லுங்கள். புதிதாகத்தான் வாங்க வேண்டும், பெயர் தெரிந்த பிராண்டாக, வாரண்டியோடு. ஃபிளாஷ் எழுத எழுதத் தேயும், அதனால் இரண்டாம் கைச் சரக்கு வேண்டாம். ஆன்லைனில் 50 வெள்ளிக்கு 2 டிபி என்று விற்பவை பொய்க் கொள்ளளவு காட்டும் குப்பை.

இன்னொன்று 4 அல்லது 8 ஜிபி கூடுதல் ரேம், டிடிஆர்4 லேப்டாப் வகை. இதில் பழையது வாங்கினாலும் தப்பில்லை. ரேம் அப்படித் தேய்வதில்லை. பழையதைச் சொல்வதற்குக் காரணமும் இருக்கிறது. ஏஐ சர்வர்களுக்கான மெமரி பக்கம் தயாரிப்பாளர்கள் சாய்ந்துவிட்டதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிவிட்டது. நம் பினாங்கிலும் மூவாரிலும் ஆலை வைத்திருக்கும் மைக்ரான், வீட்டுப் பயனர்களுக்கு விற்றுவந்த குரூஷியல் பிராண்டையே நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எஸ்எஸ்டி-க்கும் ரேமுக்கும் சேர்த்து இப்போது காசு இல்லையென்றால் முதலில் எஸ்எஸ்டி.

அப்புறம் அந்த "ஏஐ" விஷயம். கடைக்காரர் இங்கேதான் இரண்டு வேறு சங்கதிகளைக் கலந்துவிட்டார். மகள் பிரவுசரில் கேள்வி தட்டி ஏஐ-யிடம் பதில் வாங்குகிறாள் என்றால், அந்தக் கணக்கெல்லாம் எங்கோ ஒரு டேட்டா சென்டரில் நடக்கிறது. லேப்டாப் கேள்வியை அனுப்பிப் பதிலைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதற்கு இணையம் இருந்தால் போதும், பழைய லேப்டாப்பிலும் அதே பதில்தான் வரும்.

ஏஐ லேப்டாப் என்று விற்பதில் என்பியு என்ற தனிப் பகுதி சிப்புக்குள் இருக்கும். கோடிக்கணக்கான சின்னப் பெருக்கல்களைக் குறைந்த மின்சாரத்தில் செய்ய உருவானது. இன்டெல் அதை லேப்டாப்புக்குக் கொண்டுவந்தது 2023 டிசம்பரில். 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் "கோபைலட் பிளஸ் பிசி" என்று ஒரு முத்திரையை அறிவித்தது. அதற்கு என்பியு நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்கு செய்ய வேண்டும், கடைப் பேச்சில் 40 டாப்ஸ். 16 ஜிபி ரேமும் கட்டாயம். வீடியோ அழைப்பில் பின்புறத்தை மங்கலாக்குவது, பேசுவதை இணையமில்லாமலே எழுத்தில் காட்டுவது போன்ற வேலைகளுக்கு உதவும். நல்ல தொழில்நுட்பம், குறை சொல்லவில்லை. கணக்கியல் முதலாண்டுக்கு அது 3,900 வெள்ளி பெறாது. "ஏஐ" என்று ஒட்டியிருப்பதெல்லாம் இந்த முத்திரைக்குத் தேறுவதும் இல்லை. இன்டெல்லின் அந்த முதல் வரிசையே தேறவில்லை.

லேப்டாப்பின் கீல் உடைந்திருந்தாலோ, பேட்டரி வீங்கி அடிப்பலகை மேடிட்டிருந்தாலோ கணக்கு மாறும். வீங்கிய பேட்டரியை அப்படியே வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். ஒருவேளை புதிதுதான் என்று முடிவானால் ரேம் 16 ஜிபி-க்குக் குறையக் கூடாது. இப்போதைய மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேமைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள், சிலவற்றில் சிப்போடு சேர்த்தே அடைத்து விடுகிறார்கள். பிறகு கூட்ட வழியே இல்லை. இன்டெல்லுக்குப் பதிலாக, கைப்பேசிச் சிப் வகையைச் சேர்ந்த ஸ்னாப்டிராகன் சிப் போட்டதாக இருந்தால் பேட்டரி நன்றாக நிற்கும். ஆனால் பழைய பிரிண்டரும் சில கணக்கு மென்பொருள்களும் அதில் தகராறு செய்யலாம். பாலிடெக்னிக்கில் என்ன மென்பொருள் கற்றுத்தருவார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நம் பக்கத்து மதிய மழையையும் மறக்க வேண்டாம். இடி இறங்கத் தொடங்கினால் சார்ஜரை மட்டும் பிடுங்கினால் போதாது, இணையப் பெட்டியின் பிளக்கையும் பிடுங்குங்கள். செம்பு வயர் வழியாகவும் அது வரும்.

எஸ்எஸ்டி மாற்ற லேப்டாப்பைக் கடையில் கொடுக்கும் முன் படங்கள், மகளின் எஸ்பிஎம் சான்றிதழ், அடையாள அட்டை நகல் எல்லாவற்றையும் வேறோர் இடத்தில் பதிந்து வையுங்கள். வேலை முடிந்ததும் கழற்றிய ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அழித்தாலும் அதிலிருந்து திரும்ப எடுக்க முடியும், அதனால் கடையில் விட்டுவிட்டு வரக் கூடாது. யுஎஸ்பி கேசிங் ஒன்றில் போட்டால் அதே டிஸ்க், படம் பதிந்து வைக்க இன்னும் சில வருஷம் உழைக்கும். அந்த வேலைக்கு அதன் வேகம் போதும்.