பழைய காரை வீட்டிலேயே சரிசெய்வது: கேள்வி பதில்

பழைய கார்களை வீட்டில் வைத்துப் பழுது பார்ப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கார்புரேட்டரும், பிளக்குக்குப் பொறி உண்டாக்க மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயின்ட்டும் உள்ள வண்டிகளையே மனதில் வைத்துச் சொல்கிறேன். எல்லாப் பதிலிலும் ஒரே பிடிவாதம் தெரியும்: அளந்து பார்க்காமல் எதையும் கழற்றாதீர்கள்.

கேள்வி: அப்பா ஓட்டிய கார் பல வருடமாக ஷெட்டில் நிற்கிறது. புது பேட்டரி வாங்கிவிட்டேன். சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்க்கலாமா சார்?

வேண்டாம். நீண்ட நாள் நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவரில் இருந்த எண்ணெய் முழுவதும் வடிந்திருக்கும். ஏதாவது ஒரு சிலிண்டரில் வால்வு திறந்த நிலையில் நின்றிருந்தால் அந்த வழியாக ஈரம் உள்ளே போய், பிஸ்டன் ரிங் நிற்கும் இடத்தில் துரு பிடித்திருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அது தெரியாது. முரட்டுத்தனமாக இழுத்துவிடும். ரிங் உடைவதும் சுவரில் கீறல் விழுவதும் பெரும்பாலும் அந்த முதல் சுற்றில்தான்.

எல்லா பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் துருவை இளக்கும் எண்ணெய் இரண்டு மூன்று தேக்கரண்டி ஊற்றுங்கள். இரண்டு நாள் அப்படியே விடுங்கள். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் மாட்டி, எஞ்சின் வழக்கமாகச் சுற்றும் திசையில் கையால் மெதுவாகத் திருப்புங்கள். அசையவில்லை என்றால் ஸ்பேனரில் நீளமான பைப்பை மாட்டி பலத்தைக் காட்டாதீர்கள். இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, இன்னும் சில நாள் பொறுங்கள். எண்ணெய் தன் வேலையைச் செய்யும்.

கையால் தடங்கல் இல்லாமல் இரண்டு முழுச் சுற்று வந்துவிட்டதா? அப்போது பழைய ஆயிலை வடித்து, ஃபில்டரை மாற்றி, புது ஆயில் ஊற்றுங்கள். பிளக் துளைகள் மேல் துணியைப் போட்டு, இக்னிஷன் வயரைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் தெரியும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றலாம். பிளக்கைத் திரும்பப் போடுவது அதற்குப் பிறகுதான். முதல் ஸ்டார்ட்டுக்கு டேங்க்கில் கிடக்கும் பெட்ரோலைத் தொடவே கூடாது.

கேள்வி: டேங்க்கைத் திறந்தால் பெட்ரோல் வாசமே இல்லை, வார்னிஷ் வாடை வருகிறது. அடியில் பழுப்பாகப் பிசின் மாதிரி இருக்கிறது. ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டையும் இருக்கிறது. வெல்டிங் வைத்து அடைத்துவிடலாமா?

வெல்டிங் என்ற பேச்சை முதலில் விடுங்கள். காலி டேங்க்தான் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்தானது. உள்ளே பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். ஒரு பொறி பட்டால் டேங்க் வெடிக்கும். தண்ணீரில் இரண்டு முறை அலசியதால் ஆவி போய்விட்டது என்று நம்பி உயிரைப் பணயம் வைக்கக் கூடாது. டேங்க்கைச் சுத்திகரித்துப் பற்றவைப்பதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள். வேறு நல்ல டேங்க் கிடைத்தால் இன்னும் நல்லது.

ஓட்டை இல்லாமல் உள்ளே லேசான துரு மட்டும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். டேங்க்கைக் கழற்றி, பிசினைக் கரைத்து வெளியேற்றி, சிட்ரிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்து நிரப்பி ஒரு நாள் வையுங்கள். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே காய வையுங்கள். ஈரத்தோடு விட்டால் புதுத் துரு மணிக்கணக்கில் வந்துவிடும்.

அப்புறம், ரப்பர் குழாய்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை மெல்ல மெல்ல மிருதுவாக்கி உதிர வைக்கும். எத்தனாலைத் தாங்கும் வகைக் குழாயாக எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டுவதற்கு ஒரே ஒரு வெடிப்பு போதும். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தையும் இழுக்கும் என்பதால், வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் கார்புரேட்டரில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: எஞ்சினா, பாடியா, பெயின்ட்டா, எதில் ஆரம்பிப்பது?

பிரேக்கில். ஓடத் தொடங்கிய வண்டியை நிறுத்தத் தெரிய வேண்டும். அதற்குப் பின் பெட்ரோல் வழி, மின்சாரம், எஞ்சின். தகட்டு வேலை அதற்கும் பிறகு. பெயின்ட் கடைசி.

இன்னொன்று சொல்கிறேன். மொத்தக் காரையும் ஒரே மூச்சில் பிரித்துப் போடாதீர்கள். பிரிக்கும்போது உற்சாகம் இருக்கும், ஒரு வாரத்தில் பிரித்துவிடலாம். பெட்டி பெட்டியாகக் கிடக்கும் பாகங்களைச் சேர்க்க வருடங்கள் ஆகும். பாதியில் நின்று, பிறகு பாகமாகவே விற்கப்பட்ட கார்கள் ஏராளம். ஒரு நேரத்தில் ஒரு பகுதியை எடுங்கள். அதை முடித்து மாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். கார் எப்போதும் தன் நான்கு சக்கரத்தில் உருளும் நிலையில் இருக்கட்டும். கழற்றும் முன் படம் எடுங்கள், போல்ட்டுகளை அவை வந்த துளையிலேயே திரும்பத் திருகி வையுங்கள்.

கேள்வி: பிரேக்கை மிதித்துக் காலை எடுத்த பிறகும் முன் இடது சக்கரம் மட்டும் பிடித்தபடியே இருக்கிறது. டிரம் கொதிக்கிறது. வீல் சிலிண்டரை மாற்றிவிட்டேன், அப்படியும் போகவில்லை.

அந்தச் சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். உள்சுவர் உப்பி, துளை ஊசி நுழையும் அளவுக்குச் சுருங்கியிருக்கும். மிதிக்கும்போது காலின் அழுத்தத்தில் திரவம் உள்ளே போய்விடுகிறது. திரும்பி வருவதற்கு ஷூவை இழுக்கும் ஸ்பிரிங்கின் பலம் மட்டுமே இருக்கிறது, அது போதாது. ஒரு பழைய ஹோஸைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், நான் சொல்வது கண்ணுக்குத் தெரியும்.

சந்தேகத்தை இப்படி உறுதி செய்யலாம். வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பிரேக்கை மிதித்து விடுங்கள். சக்கரம் பிடித்திருக்கும்போது, ஹோஸுக்கு மேலே இரும்புக் குழாய் சேரும் இடத்தில் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். சக்கரம் உடனே விட்டுவிட்டால் கோளாறு மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம். பெடலை லேசாக அழுத்தும்போது முதலில் கொஞ்சம் தளர்வு (ஃப்ரீ பிளே) இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே விடாமல், வீல் சிலிண்டரின் பிளீட் நிப்பிளை (காற்றை வெளியேற்றும் திருகை) திறந்ததும் விட்டால் ஹோஸ்தான். இரண்டிலும் விடவில்லை என்றால் ஷூ மாட்டிக்கொண்டிருக்கிறது; பின் சக்கரமாக இருந்தால் ஹேண்ட்பிரேக் கேபிளாகவும் இருக்கலாம். பத்து நிமிட வேலை இது. வீல் சிலிண்டரை வாங்கும் முன் செய்திருந்தால் அந்தச் செலவு மிச்சம். ஒரு ஹோஸ் போய்விட்டது என்றால் மற்றவையும் அதே வயதுதான், எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். பிறகு குழாயில் உள்ள காற்று போகும் வரை முழுதாக பிளீட் செய்யுங்கள்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரக் கணக்கு. ஈரம் ஏறியதற்கு அந்தக் கணக்கே 155 டிகிரிதான். இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி ஆவது இதனால்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலையோ வேறு கனிம எண்ணெயையோ ஊற்றிவிட்டால் ரப்பர் சீல் அத்தனையும் உப்பிப் போய்விடும்.

டிரம்முக்குள் இருக்கும் கறுப்புத் தூளை ஒருபோதும் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

கேள்வி: கதவுக்குக் கீழே நீளவாக்கில் போகும் பகுதியில் பெயின்ட் குமிழ் குமிழாக எழும்பியிருக்கிறது அண்ணா. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பட்டி வைத்தால் போதுமா?

போதாது தம்பி. பெயின்ட் வெளியே குமிழ்விடுகிறது என்றால் பெரும்பாலும் துரு உள்ளே இருந்துதான் வந்திருக்கும். வெளியே ரூபாய்க் காசளவு தெரிந்தால் உள்ளே உள்ளங்கை அளவு போயிருக்கும்.

ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் அந்தப் பகுதி முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும். துரு தின்ற இடம் மொத்தென்று மங்கிக் கேட்கும், உள்ளே செதில்கள் சரசரவென்று உதிர்வதும் காதில் விழும். அப்படிக் கேட்ட இடத்தில் முனையால் அழுத்துங்கள். உள்ளே போனால் போகட்டும், அது ஏற்கெனவே தகடாக இல்லை. காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி நகர்த்திப் பாருங்கள். ஒட்டாமல் நழுவும் இடத்தில் முன்பு யாரோ பட்டியை அப்பியிருக்கிறார்கள்.

சேஸிஸ் தனியாக இல்லாத கார்களில் அந்தப் பகுதி வெறும் அழகுக்கு இல்லை, வண்டியின் முதுகெலும்பே அதுதான். வெட்டும் முன் காரைச் சமதளத்தில் நிறுத்தி, சரியான இடங்களில் தாங்கு கொடுத்து, கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாயைப் பற்றவைத்துவிடுங்கள். கதவு இடைவெளியை நாலு இடத்தில் அளந்து குறித்து வையுங்கள். இதைச் செய்யாமல் வெட்டினால் பாடி நடுவில் தொய்ந்து, அதே கோணலில் புதுத் தகடு சேர்ந்துவிடும். பிறகு கதவு ஒருநாளும் சரியாகச் சாத்தாது.

பளபளவென்று சுத்தமான இரும்பு வரும் வரை வெட்டுங்கள். மூலத் தகட்டின் கனத்திலேயே புதிய தகடு எடுங்கள், பெரும்பாலும் 1 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். மிக் வெல்டிங்கில் ஒரே கோடாக இழுக்காமல், இங்கே ஒரு பொட்டு அங்கே ஒரு பொட்டு என்று இடம் மாற்றி வைத்தால் தகடு சூட்டில் நெளியாது. தொடங்கும் முன் பேட்டரியையும் ஆல்டர்நேட்டரையும் கழற்றிவிடுங்கள், கார்ப்பெட்டை எடுத்துவிடுங்கள், தீயணைப்பானைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். முடித்த பிறகும் ஒரு மணி நேரம் வண்டியை விட்டுப் போகாதீர்கள். அடியில் பூசிய தார் புகையாமல் கனன்றுகொண்டிருக்கும்.

துருவை மாற்றும் பாஸ்பாரிக் அமிலத் திரவம் லேசான மேல்துருவுக்கு நல்லது. செதில் செதிலாக இருக்கும் துருவின் மேல் பூசினால் மேலே மட்டும் கறுக்கும், அடியில் அரிப்பு தொடரும். பட்டி, தகடு முழுதான பிறகு மேட்டையும் பள்ளத்தையும் சமன்செய்ய மட்டுமே. அது ஈரத்தை உறிஞ்சும், ஓட்டையை அடைக்க அதை நம்பாதீர்கள். கடைசியாக உட்புறக் குழிவுக்குள் மெழுகு பீய்ச்சி, தண்ணீர் வடியும் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதலில் துரு வந்ததே அவை அடைபட்டதால்தான் இருக்கும்.

கேள்வி: எஞ்சின் குதித்துக் குதித்து ஓடுகிறது, இழுவை இல்லை. மெக்கானிக் முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டும் என்கிறார். செலவை நினைத்தால் பயமாக இருக்கிறது.

பிரிக்கும் முன் கம்ப்ரெஷன் கேஜ் ஒன்றைக் கடன் வாங்குங்கள். எஞ்சின் சூடாக இருக்கட்டும். எல்லா பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தியபடி ஒவ்வொரு சிலிண்டரையும் அளந்து எழுதுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட, ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலை வேண்டாம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அதில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் ஊற்றித் திரும்ப அளங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து தாழ்ந்திருந்தால் நடுவே ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

எல்லாம் சமமாக வந்தால் எஞ்சினைத் தொடவே வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயின்ட்டைப் பாருங்கள். பழைய பாயின்ட்டில் ஒரு பக்கம் சிறு மேடும் எதிர்ப்பக்கம் பள்ளமும் உண்டாகியிருக்கும். இடைவெளியில் நுழைத்து அளக்கும் தகடான ஃபீலர் கேஜ் அந்த மேட்டைத்தான் அளக்கும், உண்மையான இடைவெளி அதைவிட அதிகம். அளவு சரியாகத்தானே இருக்கிறது என்று பலர் ஏமாறுவது இங்கேதான். புதுப் பாயின்ட் போட்டு, கையேட்டில் சொன்ன இடைவெளி வையுங்கள். நாலு சிலிண்டர் கார்கள் பலவற்றில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். சூடானதும் திணறி நின்று, ஆறியதும் திரும்ப ஓடினால் கண்டன்சரையும் மாற்றிப் பாருங்கள்.

வரிசை முக்கியம்: முதலில் டேப்பெட் (வால்வு இடைவெளி), பிளக், பிறகு பாயின்ட், பிறகு டைமிங் (பொறி விழும் நேரம்), கடைசியில் கார்புரேட்டர். பாயின்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் தலைகீழாகச் செய்தால் எல்லாவற்றையும் இரண்டாம் முறை செய்ய வேண்டிவரும். கார்புரேட்டர் ஜெட்டை கம்பியால் குத்தாதீர்கள். துளை பெரிதாகிவிட்டால் சரிசெய்ய முடியாது.

கேள்வி: ஹெட்லைட் மங்கலாக எரிகிறது. அதிக வாட் பல்ப் போடலாமா?

கூடாது. வயரும் சுவிட்சும் உருகும். லைட்டை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மின்சாரம் வரும் முனையிலும் இன்னொன்றை பல்ப் முனையிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ இழப்பு. எர்த் பக்கமும் அப்படியே பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி எர்த்தாகவே இருக்கும், துருவும் பெயின்ட்டும் நடுவில் புகுந்திருக்கும். மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பேட்டரியிலிருந்து நேராக லைட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலே ஒன்று மாட்டுங்கள்.

பழைய கார்கள் சிலவற்றில் பாடியோடு சேர்வது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. புது பேட்டரி மாட்டும் முன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடச் சொல்கிறார்கள். சரியா?

சரியில்லை. எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. அது இல்லாவிட்டால் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடி வேகமாகத் தேயும், சூட்டின் காரணமும் அப்படியே இருக்கும். ரேடியேட்டரை எதிர்த்திசையில் அலசுங்கள், மூடியின் சீலைப் பாருங்கள், எஞ்சின் பிளாக்கின் அடியில் சேறு படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பெயின்ட்டை வீட்டிலேயே அடிக்க ஆசை. நல்ல மாஸ்க் வைத்திருக்கிறேன்.

ஆசை நியாயமானதுதான். ஆனால் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் இரண்டு பாகப் பெயின்ட்டை வீட்டில் அடிக்காதீர்கள். அதில் உள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழலை ஒருமுறை கெடுத்துவிட்டால், பிறகு மிகக் குறைந்த அளவு பட்டாலே ஆஸ்துமா வரும். சாதாரண மாஸ்க் போதாது, வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி வேண்டும். அக்கம்பக்கத்தில் இருப்பவர்களும் அதையே சுவாசிப்பார்கள். தேய்ப்பது, பட்டி, பிரைமர் வரை நீங்கள் செய்யுங்கள். ஒரு நல்ல பெயின்ட்டின் அழகு முக்கால்வாசி அங்கேதான். கடைசிக் கோட்டிங்கை பெயின்ட் பூத் (பெயின்ட் அடிப்பதற்கான மூடிய அறை) உள்ள இடத்தில் அடிக்கக் கொடுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் தண்ணீர் வைத்தே தேயுங்கள்.

கேள்வி: டயரில் பட்டன் நன்றாக இருக்கிறது, வெடிப்பும் இல்லை. மாற்றத்தான் வேண்டுமா?

பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எழுத்து வரிசையைத் தேடுங்கள். கடைசி நான்கு இலக்கம் செய்த வாரமும் வருடமும்: 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்று இலக்கமே இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். பத்து வருடம் தாண்டியதை, பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள், பெரும்பாலும் வண்டியிலேயே மூத்தது அதுதான்.