மியூசியத்துக்குக் கூட்டிப் போனால் பத்து நிமிடத்தில் பிள்ளைகள் சலித்துவிடுகிறார்கள். லீவில் அங்கே அவர்களை என்னதான் செய்ய வைப்பது?

சலிக்கத்தான் செய்யும். சென்னை எழும்பூர் அரசு மியூசியத்தையே எடுத்துக்கொள்வோம். 1851-இல் தொடங்கியது. கற்சிற்பம், செப்புத்திருமேனி, பாடம் பண்ணின பறவை, நாணயம், பாறை, ஓவியம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டடமாக விரிந்து கிடக்கிறது. பெரியவர்களாலேயே ஒரே நாளில் சுற்றி முடிக்க முடியாது. ஏழு வயதுப் பையன் சித்திரை வெயிலில், ‘தொடாதே, ஓடாதே, சத்தம் போடாதே’ என்று மூன்று பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு அதைச் சுற்ற வேண்டும் என்றால் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் சொல்வான்.

என் அக்கா பிள்ளைகள் முழுப்பரீட்சை முடிந்த கையோடு கும்பகோணத்திலிருந்து குரோம்பேட்டைக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பெரியவள் ஆறாவது, சின்னவன் இரண்டாவது. அவர்களை வைத்துக்கொண்டு நான் கண்டுகொண்டது: பிள்ளைகளிடம் ‘பாரு, பாரு’ என்று சொல்லிப் பயனில்லை. கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் அவர்களே பார்ப்பார்கள். சில கோடைகளில் மியூசியத்திலேயே சிறுவர் முகாம் நடத்துவதுண்டு, அறிவிப்பு கண்ணில் பட்டால் விடாதீர்கள். மற்ற நாட்களில் அந்த வேலையை நாம்தான் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு பரீட்சை அட்டை, நாலு வெள்ளைத் தாள், ஒரு பென்சில். இவ்வளவு போதும். போன் பைக்குள் போய்விட வேண்டும், உங்களுடையதும் சேர்த்து.

எங்கள் வேலை ரயிலிலேயே ஆரம்பித்துவிடும். குரோம்பேட்டையில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் பல்லாவரம். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் அந்த ஊரில் ஒரு சரளைக் குழியில் கிடந்த கல்லைப் பார்த்து, இது தானாக உடைந்த கல் இல்லை, யாரோ கையால் செதுக்கியது என்று கண்டுகொண்டார். இந்தியாவில் பழைய கற்காலக் கருவி என்று அடையாளம் தெரிந்த முதல் கல் அதுதான். சில மாதம் கழித்துத் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் அவருக்கும் அவர் கூட்டாளிக்கும் அதே மாதிரி கற்கள் கிடைத்தன. பிற்பாடு அங்கே தோண்டி எடுத்த கருவிகளுக்கு ஏறக்குறைய 15 லட்சம் வருடம் வயதிருக்கும் என்று 2011-இல் ஆய்வு வந்தது.

இதையே சோற்றுத் தட்டு முன்னால் உட்கார வைத்துச் சொன்னால் பாடமாகிவிடும். வண்டி பல்லாவரத்தில் நிற்கும்போது சொன்னால் சின்னவன் ஜன்னல் கம்பியில் மூக்கை வைத்துத் தண்டவாளத்து ஜல்லியைத் தேட ஆரம்பித்துவிடுவான். “அதுல ஒண்ணு இருக்குமா சித்தி?” அது மெஷினில் உடைத்த கருங்கல். மெஷின் உடைத்ததற்கும் மனுஷன் செதுக்கியதற்கும் என்ன வித்தியாசம் என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் அன்றைக்கு அவன் வேலை. ஃபூட் ஊர் ஊராகத் திரட்டிய கற்கருவிகள் இந்த மியூசியத்துக்குத்தான் வந்து சேர்ந்தன. கைக்கோடரி இருக்கும் கண்ணாடிப் பெட்டி முன்னால் நிறுத்தி, உள்ளங்கையைக் கண்ணாடியை ஒட்டி வைத்துப் பிடிக்கிற மாதிரி பாவனை செய்யச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் கைக்குள் அடங்கும், எந்தப் பக்கம் வெட்டும்? பிறகு வரையச் சொல்லுங்கள். கல்லின் வெளிக்கோட்டை மட்டும் போட்டுவிட்டு முடிந்தது என்பார்கள். சில்லு சில்லாகப் பெயர்த்த தழும்புகளையும் போடச் சொன்னால்தான் விஷயம் பிடிபடும். இரண்டு முகத்திலும் செதுக்கி, கீழே உருண்டு, மேலே கூர்ந்து வருவது பென்சில் ஓட ஓடத் தெரியும். பெரியவள், “ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரணும்னு பார்த்துப் பார்த்துச் செஞ்சிருக்காங்க” என்றாள். அங்கே அதைச் சொல்லும் பலகை எதுவும் அவள் படித்திருக்கவில்லை.

விலங்கியல் பகுதியில் திமிங்கில எலும்புக்கூடு இருக்கிறது. ஏறக்குறைய 60 அடி நீளம். ‘எவ்வளவு பெருசு பாரு’ என்று சொல்லி நகர்ந்துவிடாமல், வாலிலிருந்து தலை வரை தப்படி வைத்து எண்ணச் சொல்லுங்கள். கணக்கைத் தாளில் குறித்துக்கொண்டு வந்து மொட்டை மாடியில் சாக்பீஸால் கோடு போடலாம். எங்கள் மாடியில் தலைக்கு இடம் போதவில்லை. இன்னொன்று, துடுப்பு இருக்கும் இடத்தில் என்ன எலும்பு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். விரல்கள் இருக்கும். கடலில் நீந்துகிற பிராணிக்கு உள்ளே நம்மைப் போலக் கை! அப்படியே யானை எலும்புக்கூட்டுக்கு வந்து, தும்பிக்கை எங்கே என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். தேடுவார்கள், சண்டை போடுவார்கள், யாரோ எடுத்துவிட்டார்கள் என்பார்கள். தும்பிக்கையில் எலும்பே கிடையாது, வெறும் சதைதான். மண்டையோட்டின் நடுவில் நெற்றிக்கண் மாதிரி தெரிகிற பெரிய பொந்து அதன் மூக்கு. இந்த இரண்டு எலும்புக்கூட்டுக்கே முக்கால் மணி நேரம் ஓடிவிடும்.

(பழைய மெட்ராஸில் மியூசியத்தைச் ‘செத்த காலேஜ்’ என்றும் மிருகக்காட்சி சாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் சொல்வார்கள். ஒரு காலத்தில் இரண்டும் ஒரே வளாகத்தில்தான் இருந்தன. 1850-களில் மியூசியத்தை நடத்திய எட்வர்ட் பால்ஃபர் உயிருள்ள விலங்குகளையும் அங்கேயே வைத்திருந்தார். இதைச் சொன்னால் பிள்ளைகள் ஒவ்வொரு கட்டடமாகக் காட்டி, புலியை இங்கே வைத்திருப்பார்களா, அங்கே வைத்திருப்பார்களா என்று கேட்டுத் துளைத்துவிடுவார்கள். தயாராகப் போங்கள்.)

ஆந்திரத்து அமராவதி பௌத்தத் தூபியிலிருந்து வந்த சிற்பங்களில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வட்டமான ஒரு பலகையை மட்டும் தேடிப் பிடியுங்கள். நளகிரி என்ற யானையைப் புத்தர் அடக்கிய கதை. சுமார் 1,800 ஆண்டுக்கு முந்தைய வேலை. வட்டத்துக்குள் இரண்டு யானை தெரியும். ஒன்று மதம் பிடித்து ஆளைப் பிடித்துச் சுழற்றுகிறது, இன்னொன்று மண்டியிட்டுக் கிடக்கிறது. எத்தனை யானை என்று கேளுங்கள், ரெண்டு என்பார்கள். ஒரே யானைதான், முன்னால் நடந்ததும் பின்னால் நடந்ததும் ஒரே படத்தில் இருக்கின்றன என்று சொல்லிவிடாமல் கொஞ்சம் பொறுத்தால் யாராவது ஒருவர் தானே கண்டுபிடிப்பார். காமிக்ஸ் படிக்கிற பிள்ளை என்றால் இன்னும் சீக்கிரம். மாடி ஜன்னல்களிலிருந்து எட்டிப் பார்க்கிற முகங்களும் உண்டு. அவர்கள் ஒவ்வொருவரும் என்ன பேசியிருப்பார்கள் என்று வசனம் எழுத வைத்தால் போதும், நீங்கள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துவிடலாம்.

செப்புத்திருமேனிக் கூடத்தில் எங்கள் விளையாட்டு வேறு. திருவாலங்காட்டு நடராசர் முன்னால் அதே மாதிரி நிற்க வேண்டும், யார் அதிக நேரம் நிற்கிறார்களோ அவர்களுக்கு ஐஸ்கிரீம். எதிரே நின்று பார்ப்பதால் பாதிப் பிள்ளைகள் காலை மாற்றித் தூக்குவார்கள். தூக்கியது இடது கால், காலடியில் கிடக்கிற முயலகன் மேல் ஊன்றியது வலது. பல நடராசர் திருமேனிகளில் இரண்டு காதிலும் இரண்டு விதமான அணி இருக்கும், அதையும் தேடச் சொல்லலாம். திருவெண்காட்டு அர்த்தநாரிக்கு எத்தனை கை? மூன்று. சிவன் பக்கம் இரண்டு, அம்மன் பக்கம் ஒன்று. ராமர் கை வில் பிடிக்கிற பாவனையில் இருக்கும், வில் இருக்காது. காணாமல் போன வில்லைத் தாளில் வரைந்து கொடுப்பது சின்னவனுக்கு மிகப் பிடித்த வேலை. பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இந்த நடராசரைப் படத்தில் மட்டும் பார்த்து உருகி உருகி எழுதியிருக்கிறார். அது பிள்ளைகளுக்கு வேண்டாம், கூட வரும் தாத்தாவுக்குச் சொல்லுங்கள்.

இத்தனையையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. ஒரு நடைக்கு ஒரு கட்டடம், மிஞ்சிப் போனால் இரண்டு. ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள், பிள்ளைகள் ‘இன்னும் கொஞ்ச நேரம்’ என்று கெஞ்சினாலும்கூட. சிறுவர் அருங்காட்சியகம் என்று தனிக் கட்டடம் உண்டு, வாசலில் டைனோசர் நிற்கும். அதை முதலில் காட்டிவிட்டால் மற்ற இடத்துக்கு நகர மாட்டார்கள், கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் பாதி வேலை வீட்டுக்கு வந்த பிறகுதான். துணி துவைக்கிற பார் சோப்பில் ஸ்பூன் காம்பால் கைக்கோடரி செதுக்கலாம். நிஜக் கல்லில் முயற்சி செய்ய விடாதீர்கள், சில்லு கண்ணில் தெறிக்கும். எங்கள் வீட்டில் இன்னொன்றும் நடந்தது. பிள்ளைகள் பரணிலிருந்தும் அம்மாவின் டிரங்குப் பெட்டியிலிருந்தும் பழைய சாமான்களை இறக்கிக் கூடத்தில் வரிசையாக அடுக்கி மியூசியம் வைத்தார்கள். உழக்கு, வெற்றிலை இடிக்கும் சின்ன உரல், தாத்தாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு, ஓட்டைக் காலணா. ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுத வேண்டும் என்று நான் ஒரு விதி வைத்தேன்: என்ன பொருள், எதால் செய்தது, யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது. நாலாவது கேள்விக்குப் பாட்டியைப் போய்க் கேட்டால்தான் பதில். அம்மா அன்றைக்கு மத்தியானம் தூங்கவே இல்லை. உழக்குக்கு ஒரு கதை, உரலுக்கு ஒரு கதை. எனக்கே தெரியாத ஒரு பெரியப்பா அதில் வந்தார்.

மதுரைப் பக்கம் இருப்பவர்களுக்குக் கீழடி மியூசியம். 2023-இல் திறந்தது, செட்டிநாட்டு வீட்டு அமைப்பில் கட்டியிருக்கிறார்கள். அங்கே பிள்ளைகள் நின்று பார்க்க வேண்டியது பானை ஓடுகள். ஆதன், குவிரன் என்று ஆட்களின் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். நம் வீட்டு எவர்சில்வர் டம்ளரில் பெயர் வெட்டுகிற அதே பழக்கம். அந்தப் பழைய தமிழ் எழுத்துக்குத் தமிழி என்று பெயர், பிள்ளைகளுக்குச் சீக்கிரம் வரும். க என்றால் கூட்டல் குறி. ர நேராக ஒரு கோடு. ட ஆங்கில சி மாதிரி. வ, ஒரு வட்டம், அதன் தலையில் ஒரு குச்சி. உடைந்த பூந்தொட்டி ஓட்டை எடுத்து, விளிம்பைத் தரையில் உரசி மழுக்கிக் கொடுத்தால், ஆணியால் அவரவர் பெயரைக் கீறிவிடுவார்கள். வட்டச் சில்லுகளையும் ஆட்டக் காய்களையும் காட்டிவிட்டு, வந்து வாசலில் பாண்டி ஆடலாம்.

தொட்டுப் பார்க்காமல் இருக்கவே முடியாத பிள்ளை என்றால் கண்ணாடிப் பெட்டி மியூசியம் சரிப்படாது. முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குக் கூட்டிப் போங்கள். செட்டிநாடு, அக்கிரகாரம், கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். திண்ணையில் உட்காரலாம், முற்றத்தில் ஓடலாம், சக்கரத்தில் பானை வனையலாம். நுழைவுக்கட்டணம் அரசு மியூசியத்தைவிடக் கூடுதல், கைவேலைக்குத் தனியாகக் கேட்பார்கள். ஒரு நாள் முழுக்கத் தாக்குப் பிடிக்கும் என்பதால் எனக்கு அது பெரிதாகத் தெரிவதில்லை. ஐந்து வயதுக்குக் கீழே என்றால் பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) ரயில் மியூசியம் போதும். பழைய பெட்டிகளும் குட்டி ரயிலும் இருக்கின்றன, நீங்கள் ஒன்றுமே சொல்ல வேண்டாம்.

கிளம்பும் முன்: எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். மராமத்து என்று சில கூடங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடப்பதும் உண்டு, எந்தக் கட்டடத்தை நம்பிப் போகிறீர்களோ அது திறந்திருக்கிறதா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் திறந்தவுடன் உள்ளே போய்விட்டால் கூட்டமும் இல்லை, வெக்கையும் குறைவு. தண்ணீர் பாட்டில் அவசியம். புளியோதரையோ தயிர் சாதமோ கட்டிக்கொண்டு போனால் வெளியே மர நிழலில் சாப்பிட்டுவிட்டு மதிய வெயில் ஏறுவதற்குள் வண்டி ஏறிவிடலாம்.